மாலத்தீவா, தாய்லாந்தா? வீடு போய்ச் சேரும் சம்பளத்தை எண்ணுங்கள்

போன மாதம் சித்தி மகள் வாட்ஸ்அப்பில் இரண்டு பிடிஎஃப் அனுப்பினாள். ஒன்று மாலத்தீவில் ஒரு வெளித்தீவுப் பள்ளி: ஆங்கில ஆசிரியர், மாதம் 14,000 ருஃபியா, தங்க இடம் இலவசம். இன்னொன்று தாய்லாந்தில் ஒரு ஏஜென்சி வழியாக அரசுப் பள்ளி: மாதம் 25,000 பாட், பள்ளி வளாகத்திலேயே ஆசிரியர் குடியிருப்பு. கூடவே ஒரு குரல் பதிவு: "அக்கா, கூகுள்ல போட்டுப் பாத்துட்டேன். மாலத்தீவு எண்பதாயிரம் வருது, தாய்லாந்து அறுபத்தேழுதான். திருவனந்தபுரத்துல ஏறினா ஒன்றரை மணி நேரம். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

2018-ல் நானும் இதே கணக்கைத்தான் போட்டேன், அப்போதைய ரேட்டில். நாகர்கோவிலில் மெட்ரிக் பள்ளியில் நான்கு வருஷம் பாடம் நடத்திவிட்டு, எம்.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் கையில் வைத்துக்கொண்டு, மாலத்தீவின் வடக்குப் பக்கம் ஒரு தீவுக்குப் போனேன். 2020 ஜூனில் திரும்பி வந்தேன். 2022 கடைசியிலிருந்து தாய்லாந்தில், இசான் பகுதியில் ரோய் எட் மாகாணத்தில் இருக்கிறேன். இரண்டு ஊர்ச் சோற்றையும் தின்றவள் என்ற முறையில் சொல்கிறேன்: என் ஓட்டு தாய்லாந்துக்கு. ஆனால் அதற்கான காரணம் யூடியூபில் சொல்கிற கடற்கரையோ, குறைந்த விலைச் சாப்பாடோ இல்லை. பாடம் நடத்துகிற சந்தோஷத்தைக் கேட்டால் மாலத்தீவுதான் ஒரு படி மேல். அதையும் மறைக்கப் போவதில்லை.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் தள்ளிவிடுகிறேன். டிகிரி வேண்டும், பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து காவல்துறைச் சான்று வேண்டும், பல்கலைக்கழகத்திலிருந்து உண்மைத்தன்மைச் சான்றிதழ் வாங்கி வைப்பது நல்லது, சான்றிதழ்களுக்குச் சென்னையில் அட்டெஸ்டேஷன் செய்ய வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்து இரண்டு மாதம் ஒதுக்குங்கள். 120 மணி நேர டெஃபிள் (ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி) சான்றிதழ் பி.எட். இல்லாதவர்களுக்கு உதவும், பி.எட். இருந்தால் அது கொசுறு.

மற்ற நாடுகள் பற்றி நான்கு வரி. தென் கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கும் விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென் ஆப்பிரிக்கா என ஏழு நாட்டுப் பாஸ்போர்ட்டுக்குத்தான். 2010-ல் நடைமுறைக்கு வந்த இந்தியா-கொரியா பொருளாதார ஒப்பந்தத்தில் ஆசிரியர் தகுதி உள்ள இந்தியர்கள் துணை ஆசிரியராகப் போகலாம் என்று ஒரு கதவு திறந்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கதவு வழியாகப் போன ஒருவரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. சீனாவில் தாய்மொழி எதுவோ அதைத்தான் கற்பிக்கலாம் என்பது பொது விதி. போதாததற்கு 2021 ஜூலையில் டியூஷன் சென்டர்கள்மேல் அரசே கைவைத்துவிட்டது. வியட்நாமில் பெரும்பாலும் மாலையிலும் சனி ஞாயிறிலும் சென்டர்களில் மணிக்கணக்குக் கூலி. ஹோ சி மின் நகரத்தில் இருக்கும் தோழி ஒருத்தி நன்றாகவே சம்பாதிக்கிறாள், ஆனால் அவள் ஒருத்தியை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஓமான் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

சரி, மாலத்தீவு.

அங்கே போனதும் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை, யாரும் என் உச்சரிப்பைப் பற்றிக் கேட்காததுதான். தலைமையாசிரியர் கேட்டது ஒரே கேள்வி: பத்தாம் வகுப்புக்கு இதற்கு முன் பாடம் எடுத்திருக்கிறாயா? அங்கே பள்ளிகள் ஆங்கில வழி. அவர்கள் மொழியான திவேஹியும் இஸ்லாமும் தவிர மற்றப் பாடமெல்லாம் ஆங்கிலத்தில். பத்தாம் வகுப்பில் பிள்ளைகள் கேம்பிரிட்ஜ் தேர்வு எழுதுகிறார்கள். கேரளாவிலிருந்தும் நம் பக்கத்திலிருந்தும் ஆசிரியர்கள் போய்ப் பல காலம் ஆகிறது. அதனால் 'இந்தியன் டீச்சர்' என்பது அங்கே ஆச்சரியமில்லை, சில வீடுகளில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பாடம் நடத்தியவர் இந்தியராகவே இருப்பார். வெள்ளி, சனி விடுமுறை. வகுப்பில் 20 பேர். கட்டுரை எழுதச் சொன்னால் எழுதுவார்கள், திருத்திக் கொடுத்தால் ஏன் மார்க் குறைந்தது என்று சண்டைக்கு வருவார்கள். ஆசிரியருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

தீவு வாழ்க்கை எல்லாருக்கும் ஒத்துவராது. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இருபது நிமிஷ நடை. காய்கறிப் படகு வரும் நாளைத் தெரிந்துவைத்துக்கொண்டு கடைக்கு ஓட வேண்டும். முட்டைக்கோஸ் மஞ்சளாகி வந்தாலும் வாங்குவோம். மீன் மட்டும் சொல்லவே வேண்டாம், நாகர்கோவில்காரியான நானே சூரை மீனைப் பார்த்து அலுத்துப்போனேன். இன்னொன்று, வழிபாட்டுக்கு என்று சாமி சிலை கொண்டுபோக அங்கே தடை. அம்மா பையில் வைத்துவிட்ட சின்ன முருகனை, விஷயம் தெரிந்த சக ஆசிரியை சொல்லி, விமான நிலைய வாசலில் தம்பியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். போனில் படம் இருந்தது, அதுவே போதும் என்று இருந்தேன்.

கொரோனா வந்தபோது ஊர் பக்கத்தில் இருப்பதன் அருமை தெரிந்தது. விமானமெல்லாம் நின்ற பிறகு கடற்படைக் கப்பலே வந்தது. தலைநகர் மாலேயிலிருந்து சுமார் 700 பேரை ஏற்றிக்கொண்டு ஐஎன்எஸ் ஜலஷ்வா 2020 ஜூன் 7-ம் தேதி தூத்துக்குடி துறைமுகத்துக்கு வந்தது. அந்த 700-ல் நானும் ஒருத்தி. வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டுத் தூத்துக்குடியில் கப்பலில் வந்து இறங்குவேன் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. எங்கள் தாத்தா கொழும்புக்குப் போய்வந்த காலத்துக் கதை மாதிரி இருந்தது.

இவ்வளவு நல்லதைச் சொல்லிவிட்டு ஏன் தாய்லாந்துக்கு ஓட்டு? பணம். சம்பளம் எவ்வளவு என்பதை விடுங்கள், அந்தச் சம்பளம் வீட்டுக்குப் போகும் வழி இருக்கிறதே, அங்கேதான் எல்லாம் தீர்மானமாகிறது. என் சித்தி மகள் கூகுளில் போட்டுப் பார்த்ததில் தப்பு நடந்த இடமும் அதுதான்.

மாலத்தீவில் ஆசிரியருக்குச் சம்பளம் ருஃபியாவில். ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா என்பது அதிகாரபூர்வ விலை. 2011-லிருந்து அந்த உச்சியிலேயே உட்கார்ந்திருக்கிறது. கூகுள் காட்டுவதும் அதைத்தான். ஆனால் அந்த விலைக்கு டாலர் கொடுங்கள் என்று வங்கியில் கேட்டுப் பாருங்கள். நாட்டுக்கு டாலர் வருவது பெரும்பாலும் சுற்றுலாவில். அரிசி, பருப்பு, டீசல், மருந்து என்று எல்லாவற்றுக்கும் டாலர் வெளியே போயாக வேண்டும். 2024 அக்டோபரில் இந்தியா 40 கோடி டாலரும் 3,000 கோடி ரூபாயும் நாணய மாற்று ஒப்பந்தத்தில் கொடுக்கும் அளவுக்கு நெருக்கடி. அந்த வரிசையில் தீவுப் பள்ளி டீச்சர் எங்கே நிற்பார்? கடைசியில்தான். அதனால் வெளிநாட்டு ஊழியர் மாதம் இவ்வளவுதான் ஊருக்கு அனுப்பலாம் என்று ஒரு வரம்பு. என் காலத்திலும் வரம்பு இருந்தது, ஆனால் மூச்சுவிட முடிந்தது. 2025 அக்டோபரில் மாலேயில் இருக்கும் பாரத ஸ்டேட் வங்கி அந்த வரம்பை 400 டாலரிலிருந்து 150 டாலராகக் குறைத்தது. கேரளத்தில் அது பெரிய செய்தி. நம் பக்கத்துப் பத்திரிகைகளில் அவ்வளவாகக் கண்ணில் படவில்லை.

சித்தி மகளின் 14,000 ருஃபியாவை இப்போது எடுத்துக்கொள்வோம். வீடு இலவசம் என்பதால் சாப்பாடு, போன், படகுக் கூலி எல்லாம் போக 10,000 ருஃபியா மிஞ்சுகிறது என்று வையுங்கள். கட்டுசெட்டாக இருந்தால் முடியும். கூகுள் விலையில் அது 648 டாலர், டாலருக்கு 88 ரூபாய் வைத்தால் 57,000 ரூபாய். ஆனால் வங்கி வழியாகப் போவது 150 டாலர்தான்: 13,200 ரூபாய். மீதம் ஏழாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் ருஃபியா கையில் நிற்கிறது. அதை வெளியே மாற்றினால் டாலருக்கு 20 ருஃபியாவை ஒட்டிக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள், அங்கே இன்னும் இருப்பவர்கள். என் காலத்தில் 17-ஐ ஒட்டி இருந்தது. 20 என்றே வைத்தால் 384 டாலர், அதாவது 33,800 ரூபாய். ஆக மொத்தம் 47,000. கூகுளில் 57, தெருவில் 47, சட்டப்படி 13.

சரி, 47 ஆயிரம் வருகிறதே, அது போதாதா என்றுதான் அவளும் கேட்டாள். அந்தத் 'தெரு'வில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். தீவில் ஒருவரிடம் ருஃபியாவைக் கொடுப்பீர்கள். அவர் ஊரில் இருக்கும் தன் ஆளுக்குச் சொல்வார். முகம் தெரியாத யாரோ ஒருவர் கணக்கிலிருந்து உங்கள் அம்மா கணக்கில் ரூபாய் விழும். இது இரண்டு நாட்டுச் சட்டத்துக்கும் விரோதம், அது ஒரு பக்கம். அந்த 'யாரோ ஒருவர்' யார் என்பது இன்னொரு பக்கம். என்னோடு அதே தீவில் இருந்து, இன்னமும் அங்கே இருக்கும் தோழி ஒருத்தியின் அம்மா, மகள் கல்யாணத்துக்கு நகை எடுக்க வங்கிக்குப் போனார். கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது என்றார்கள். வட மாநிலத்துச் சைபர் கிரைம் போலீஸ் அனுப்பிய கடிதம். ஆன்லைன் மோசடியில் போன பணத்தில் ஒரு துண்டு, கை மாறி மாறி, அந்த அம்மாவின் கணக்கிலும் வந்து விழுந்திருக்கிறது. விழுந்தது 18,000 ரூபாய்; முடங்கியதோ கணக்கில் இருந்த மொத்தப் பணமும். அந்தப் பதினெட்டாயிரம் எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். மகளின் சம்பளம் என்று எப்படி எழுதுவது? சம்பளம் ருஃபியாவில், வந்தது ராஜஸ்தானில் யாரோ ஒருவர் கணக்கிலிருந்து. நாலு மாதம் அலைந்தார்கள். கல்யாணத்துக்குத் தெரிந்தவரிடம் வட்டிக்கு வாங்கினார்கள்.

இந்தக் கதையைக் கேட்ட பிறகு எனக்கு 47-க்கும் 43-க்கும் இருக்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை.

43 எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? அதுதான் என் தாய்லாந்துக் கணக்கு. மாதம் 25,000 பாட். சமூகப் பாதுகாப்புக்குப் பிடித்தம் 5 சதவீதம், ஆனால் உச்சவரம்பு உண்டு: பல வருஷமாக 750 பாட், 2026 ஜனவரியிலிருந்து 875. அதற்கு ஆஸ்பத்திரிச் செலவு கிடைக்கிறது, பல்வலி உட்பட. வருமான வரி? வருஷம் 3,00,000 பாட் சம்பளத்தில் செலவுக் கழிவு 1,00,000, தனிநபர் கழிவு 60,000 போனால் 1,40,000. முதல் 1,50,000-க்கு வரி இல்லை. ஆகப் பூஜ்யம். குடியிருப்பு பள்ளி வளாகத்தில் என்பதால் வாடகையும் இல்லை, மின்சாரம் மட்டும். எங்கள் ஊர் மாதிரிச் சின்ன ஊரில் மாதம் எட்டாயிரம் பாட்டில் வாழ்ந்துவிடலாம். மிஞ்சும் 16,000 பாட்டை 2.70-ஆல் பெருக்கினால் 43,000 ரூபாய் சொச்சம்.

அந்த 43,000 எப்படிப் போகிறது என்று பாருங்கள். முதல் தடவை பணம் அனுப்பப் போனது நன்றாக நினைவிருக்கிறது. டோக்கன் எடுத்து உட்கார்ந்தேன். கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட், நீல நிற வொர்க் பெர்மிட் புத்தகம், பள்ளியின் சம்பளச் சீட்டு மூன்றையும் வாங்கி, வொர்க் பெர்மிட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். எதற்காக அனுப்புகிறாய் என்று கேட்டாள். சம்பளம், வீட்டுக்கு என்றேன். வேலை என்ற இடத்தில் 'க்ரூ' என்று படித்ததும் கை கூப்பினாள். க்ரூ என்றால் ஆசிரியர்; நம் 'குரு'வேதான். இரண்டு நாளில் ஊரில் என் என்ஆர்இ கணக்கில் (வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களுக்கான வங்கிக் கணக்கு) பணம் ஏறிய குறுஞ்செய்தி வந்தது. அனுப்புகூலி சில நூறு பாட், அதனால் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை சேர்த்து அனுப்புகிறேன். இதில் சாகசம் எதுவுமில்லை. ஆனால் மாலத்தீவில் இருந்த இரண்டு வருஷமும் மாதக் கடைசியில் எனக்கு இருந்த வயிற்றுக் கலக்கம் அன்றோடு போய்விட்டது.

இதற்கு இன்னொரு பலன் உண்டு, போகும்போது எனக்கே தெரியாது. 2024-ல் நாகர்கோவிலில் பழைய வீட்டை இடித்துக் கட்ட வீட்டுக் கடனுக்குப் போனோம். வங்கி கேட்டது என்ஆர்இ கணக்கின் வரவு விவரம். வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் எவ்வளவு ஏறுகிறது என்பதை வைத்துத்தான் எவ்வளவு கடன் என்று முடிவு செய்தார்கள். என் கணக்கில் எல்லாம் தேதிவாரியாக இருந்தது. இதே நான் மாலத்தீவில் 47,000 அனுப்பியிருந்தால், என் கணக்கில் தெரிந்திருக்கக்கூடியது வெறும் 13,000. மீதி சம்பாதித்தேன் என்பதற்குச் சாட்சி யார்? தீவுக் கடைக்காரரா?

இப்போது தாய்லாந்தின் மறுபக்கம். இதைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கு அங்கே போய் இறங்கியதும் என்னைத் திட்டுவீர்கள்.

விளம்பரங்களைப் பாருங்கள்: பாதிக்கு மேல் 'நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும்', அதாவது ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர். நாம் 'நான்-நேட்டிவ்'. எனக்குப் பக்கத்து மேஜையில் இருப்பவர் லண்டன் பக்கத்துக்காரர், படித்தது விளையாட்டு மேலாண்மை, பள்ளியில் பாடம் எடுப்பது இதுதான் முதல் தடவை. அவர் சம்பளம் 38,000. எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்த நான், ஆங்கிலம் தெரியும் என்று நிரூபிக்க டோயிக் தேர்வு எழுதினேன். நான்-நேட்டிவ்காரர்களுக்கு 600 மதிப்பெண்ணாவது வேண்டும் என்று கேட்கிறார்கள். இரண்டு மணி நேரம் பென்சிலால் வட்டத்தை நிரப்பியபோது எம்.ஏ. வகுப்பில் ஷேக்ஸ்பியர் நடத்திய மேடம் ஞாபகத்துக்கு வந்து சிரிப்பு வந்துவிட்டது. பிலிப்பைன்ஸ்காரர்களும் நம் கட்சிதான், அவர்களோடு ஒட்டிக்கொள்ளுங்கள். எந்தப் பள்ளி ஒழுங்காகச் சம்பளம் போடும், எந்த ஏஜென்சி இழுத்தடிக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

தெருவில் 'கேக்' என்று ஒரு சொல் காதில் விழும். நம்மைத்தான். விருந்தாளி என்று அர்த்தமாம், ஆனால் சொல்கிற தொனியைப் பொறுத்து அது மாறும். பாங்காக் சீலோம் ரோட்டில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலுக்கே அங்கே 'வாட் கேக்' என்றுதான் பெயர். மாரியம்மனே பொறுத்துக்கொள்கிறாள் என்று நானும் விட்டுவிட்டேன். பொறுக்க முடியாத நாளும் உண்டு.

பாடம்? காலை எட்டு மணிக்குக் கொடிக்கம்பத்தின் முன்னால் தேசிய கீதம், அப்புறம் வகுப்பு. உள்ளே நுழைந்ததும் 42 பேரும் எழுந்து ஒரே ராகத்தில் "குட் மார்னிங் டீச்சர், ஹவ் ஆர் யூ?" நான் பதில் சொன்னதும் இன்னொரு ராகம்: "ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ?" ஜுரத்தில் படுத்து எழுந்து வந்த பிள்ளையும் ஃபைன்தான். யாரையும் ஃபெயில் ஆக்கக்கூடாது என்பது எழுதாத விதி. தேறாதவனுக்குத் தேறும் வரை மறுதேர்வு. விளையாட்டு, பாட்டு, படம் என்று வகுப்பை ஓட்டத் தெரிந்தவருக்கு அது சொர்க்கம். இலக்கணமும் கட்டுரையும் நடத்தியே பழகிய எனக்கு முதல் வருஷம் நரகம். மாலத்தீவில் என்னிடம் படித்த ஒரு பெண் இப்போது சட்டம் படிக்கிறாள், எழுதியது சரியா என்று இன்னமும் எனக்கு மெயில் அனுப்புகிறாள். தாய்லாந்தில் எனக்கு அப்படி ஒரு மாணவி கிடைப்பாளா என்று தெரியவில்லை. கிடைத்தது வேறு: ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை 'வாய் க்ரூ' நாளன்று அறுகம்புல்லும் பூவும் வைத்துக் கட்டிய தட்டோடு பிள்ளைகள் முழங்காலில் நடந்து வந்து கும்பிடுவார்கள். முதல் வருஷம் அழுதுவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. தாய்லாந்தில் பள்ளி மே நடுவில் தொடங்கி அக்டோபர் முதல் வாரம்வரை ஒரு பருவம், நவம்பரிலிருந்து மார்ச்வரை மறு பருவம். ஏஜென்சி ஒப்பந்தங்கள் பல பத்து மாதத்துக்குத்தான். அக்டோபரிலும் ஏப்ரலிலும் சம்பளம் கிடையாது, செலவு மட்டும் உண்டு. நான் முதலில் போனது அப்படித்தான்: 21,000 பாட், பத்து மாதம், அதுவும் வெளியில் வாடகை வீடு. முதல் ஏப்ரலில் சோங்க்ரான் தண்ணீர்த் திருவிழாவை ஊரே கொண்டாடிக்கொண்டிருக்க, நான் நூடுல்ஸ் பாக்கெட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டாவது வருஷம் பள்ளியே நேரடியாக, பன்னிரண்டு மாதத்துக்கு எடுத்துக்கொண்ட பிறகுதான் மேலே சொன்ன 43,000 கணக்கு நிஜமானது. 25,000 பாட்டையே பத்து மாதத்துக்கு வாங்கிப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 20,833 பாட். பிடித்தமும் செலவும் போக வீட்டுக்கு 33,000 ரூபாயை ஒட்டித்தான். அந்த இடத்தில் மாலத்தீவின் பக்கம் தராசு கொஞ்சம் சாயும் என்பதை நானே ஒத்துக்கொள்வேன்.

விசா விஷயத்தில் மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 2024 ஜூலையில் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் 60 நாள் என்று அறிவித்த பிறகு, "சும்மா வந்திறங்குங்க மேடம், இங்கே மாத்திக்கலாம்" என்று சொல்லும் ஏஜென்ட்டுகள் பெருகிவிட்டார்கள். அதில் வேலை செய்தால் பிடிபடுவது நீங்கள், ஏஜென்ட் இல்லை. பள்ளி அனுப்பும் கடிதத்தை வைத்துத் தாய்லாந்தின் இ-விசா தளத்தில் விண்ணப்பித்து, வேலைக்கான நான்-இமிக்ரன்ட் பி விசா வாங்கிக்கொண்டு விமானம் ஏறுங்கள். பள்ளிப் பெயரே சொல்லாமல் "ஆங்கிலம் தெரிந்தால் போதும், டிக்கெட் நாங்களே போடுகிறோம்" என்பவர்களிடம் இன்னும் ஜாக்கிரதை. பாங்காக்கில் இறக்கி, எல்லை தாண்டி மியான்மரின் மோசடிக் கூடங்களில் அடைத்த கதைகள் நம் ஊரிலேயே எத்தனை. 2025 மார்ச்சில் தாய்லாந்தின் எல்லை ஊரான மே சோட்டிலிருந்து ஐநூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களை நம் விமானப் படை போய் அழைத்து வர வேண்டியிருந்தது.

ஓமானில் நான் இருந்ததில்லை. அத்தை மகள் மஸ்கட்டில் இந்தியப் பள்ளி ஒன்றில் பத்து வருஷமாக இருக்கிறாள். சிபிஎஸ்இ பாடம், பிள்ளைகளும் இந்தியர்கள், சகாக்களும் இந்தியர்கள். பணம் அனுப்புவதைப் பற்றிப் பேச்சே இல்லை. தெரு முனையில் எக்ஸ்சேஞ்ச், ரியால் டாலரோடு கட்டிப்போட்ட நாணயம். என் அளவுகோலில் பார்த்தால் ஓமான்தான் முதலிடத்துக்கு வர வேண்டும். ஆனால் வீட்டு வாடகையும் போக்குவரத்தும் சம்பளத்தில் பெரிய பங்கைத் தின்றுவிடுகிறது என்கிறாள், அவள் வீட்டுக்காரருக்கும் அங்கே வேலை இருப்பதால்தான் சமாளிக்கிறாளாம். தனியாகப் போகிறவருக்கு எப்படி என்பதை அங்கே இருப்பவர்கள்தான் எழுத வேண்டும். குழந்தைகளோடு போவது பற்றியும் என்னிடம் பதில் இல்லை. நான் தனி ஆள். சகா ஒருத்தி பையனைத் தாய்லாந்துப் பள்ளியில் சேர்த்திருக்கிறாள், தாய்லாந்து மொழியில் சரளமாகத் திட்டுகிறான், தமிழ் எழுதத் தெரியவில்லை.

மாலத்தீவைப் பற்றி நான் சொன்னதில் பாதி ஆறு வருஷம் பழசு, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த 150 டாலர் வரம்பு நாளைக்கே 500 ஆகலாம். ஆனால் இதை எல்லாரும் கேட்கலாம்: சம்பளத்தில் ஒரு பகுதியை டாலரில் தருவீர்களா என்று பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள். மாலேயில் சில தனியார் பள்ளிகளும் ரிசார்ட் பக்கம் வேலை செய்பவர்களும் அப்படி வாங்குவதாகக் கேள்வி. டாலரில் தருகிறேன் என்று ஒரு பள்ளி சொன்னால், நான் இதுவரை எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திருவனந்தபுரம் பஸ் ஏறலாம்.

இதையெல்லாம் சித்தி மகளிடம் சொல்லிவிட்டு, இரண்டு பக்கத்துக்கும் ஆளுக்கு ஒரு கேள்வி அனுப்பச் சொன்னேன். மாலத்தீவுக்காரர்களிடம் டாலர். தாய்லாந்து ஏஜென்ட்டிடம் ஏப்ரல் மாதச் சம்பளம் உண்டா என்பது. மாலத்தீவிலிருந்து மறுநாளே பதில் வந்துவிட்டது: ருஃபியா மட்டும். தாய்லாந்து ஏஜென்ட் விஷயத்தை நேற்றுக் கேட்டேன்.

"ப்ளூ டிக் வந்து மூணு நாளாச்சு அக்கா. அதுக்கு மட்டும் பதில் வரல. எப்போ டிக்கெட் போடட்டும்னு ரெண்டு தடவை கேட்டுட்டாங்க."